லென்ஸ் இல்லாத கேமரா

கேமராவைத் தொலைத்தவர் இப்படி நடுங்கி ஆதிநாராயணன் பார்த்ததில்லை.

கவரைப்பேட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடை. காலை பத்தரை மணி. எதிரே உட்கார்ந்திருந்த தணிகாசலத்தின் கையில் டீ கிளாஸ் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஐம்பது வயதிருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏதோ டெஸ்டிங் கம்பெனி நடத்துகிறாராம்.

ஆதிநாராயணன் முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்துகளை விசாரித்தவர். இப்போது திருவள்ளூரில் ஜெராக்ஸ் கடை மாடியில் சொந்தத் துப்பறியும் நிலையம். அன்று ஒரு மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்கக் கவரைப்பேட்டை வந்த இடத்தில்தான் தணிகாசலத்தின் போன் வந்தது. கூடவே உதவியாளர் ஜெபா. முப்பத்திரண்டு வயது. ஓர் இரும்பு ஆலையில் ஆறு வருஷம் லாரிகளுக்கு எடை போட்டவள். அவள் வாய்க்கு எடை போட ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

"எங்கே வெச்சுக் காணாமப் போச்சு?" என்றார் ஆதி.

"வேன்ல சார். காலையில ஒன்பது மணிக்கு நம்ம பசங்க ரெண்டு பேரும் பைபாஸ்ல நாஷ்டாவுக்கு இறங்கியிருக்காங்க. திரும்பி வந்தா பின்கதவு திறந்து கெடக்கு. கேமரா இல்லை."

"என்ன கேமரா?"

"வெளிநாட்டு மாடல். எட்டு லட்சம் ஆகும்."

ஜெபா விசில் அடித்தாள். "எட்டு லட்சமா! அதுல புடிச்சா மாப்பிள்ளையோட மனசுகூடத் தெரியுமா சார்?"

தணிகாசலம் சிரிக்கவில்லை.

"லென்ஸ் எத்தனை?" ஆதி நோட்டை விரித்தார்.

"லென்ஸ்..." தணிகாசலம் ரயில் நிலையத்துப் பக்கம் பார்த்தார். "எல்லாம் உள்ளேயே வரும் சார்."

"ஃபிலிமா, டிஜிட்டலா?"

"ஃபிலிம்தான். பார்ட்டி ஃபிலிம்தான் கேக்கறாங்க."

"எந்த பார்ட்டி சார்? ஆளுங்கட்சியா, எதிர்க்கட்சியா?" என்றாள் ஜெபா.

"கஸ்டமரும்மா."

"போலீஸுக்குச் சொல்லிட்டீங்களா?"

"வேணாம் சார்." பதில் ரொம்பச் சீக்கிரம் வந்தது. "சாயந்திரத்துக்குள்ள எனக்கு அது வேணும். எவன் எடுத்திருந்தாலும் பரவால்ல, நான் கேஸ் கீஸ் எதுவும் போட மாட்டேன். ஒண்ணே ஒண்ணு, அவன் அதைத் திறந்துடக் கூடாது."

"திறந்தா?"

"எக்ஸ்போஸ் ஆயிடும்."

தணிகாசலம் டீ கிளாஸைப் பெஞ்சின்மேல் வைத்தார். அது பெஞ்சிலும் சற்று நேரம் ஆடியது.

அவர் போனதும் ஆதி எழுந்தார். "ஒரு ஃபிலிம் ரோல் வெளிச்சம் பட்டு வீணாப் போறதுக்கு இந்த நடுக்கமா ஜெபா?"

"உள்ள எவ படம் கீதோ சார். பொண்டாட்டி பாக்கக் கூடாத படமா இருக்கும்."

"போலீஸ் வேணாம்கறதுக்கு அது காரணமா இருக்கலாம். திருடனை மன்னிக்கறதுக்கு?"

ஜெபா டீக்குக் காசை வைத்துவிட்டுக் கார்க் கதவைத் திறந்தாள்.

* * *

பைபாஸ் ஓரத்து டிபன் கடையை நடத்துகிறவள் லட்சுமியம்மாள். தோசைக் கரண்டியை நிறுத்தாமலே பேசினாள்.

"அந்தப் பசங்க ரெண்டும் தொண்டை கிழியப் பேசுனா யாருதான் எடுக்க மாட்டான்? 'டேய், வேனைப் பூட்டுனியா, உள்ள கேமரா கீதுடா, எட்டு லட்சம்'னு இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்குக் கத்துது. அதோ அந்த மூலையில ஒருத்தன் இட்லி துன்னுகினு இருந்தான். பாதியில கை கழுவிட்டான். வடையைத் தொடவேயில்ல. என் வடையைத் தொடாம எந்திரிக்கிறவன் நல்லவனா இருப்பானா, நீங்களே சொல்லுங்க."

"பெட்டியை எடுத்ததைப் பார்த்தீங்களா?"

"அவனோட பொருள்னு நெனச்சேன் சார். மஞ்சாப் பெட்டி. தூக்கும்போது அப்படியே வளைஞ்சி பூட்டான். அரிசி மூட்டை தூக்குற மாதிரி. டி.வி.எஸ். ஃபிஃப்டில முன்னாடி வெச்சதும் வண்டியே ஒரு ஆட்டம் ஆடிச்சி. போறப்போ பக்கத்துப் பங்க் கடையில, போட்டோ ஸ்டூடியோ எங்க தொறந்திருக்கும்னு கேட்டுக்கினு போனான்."

காரில் ஏறியதும் ஆதி கேட்டார். "ஜெபா, உன் எடைமேடைக் கணக்குல சொல்லு. ஓர் ஆம்பளையை வளைய வைக்கிற பெட்டி எத்தனை கிலோ?"

"இருபதுக்குக் கொறையாது."

"இருபது கிலோவுல கேமரா பார்த்திருக்கியா?"

"யானைங்க செல்ஃபி எடுத்துக்கற மாதிரி செஞ்சிருப்பாங்களோ?" என்றவள், பாதியிலேயே முகம் மாறினாள். "சார், எனக்கு இது சரியாப் படல."

"எனக்கும்தான்."

* * *

கும்மிடிப்பூண்டி பஜாரில் மூன்று ஸ்டூடியோக்கள். முதல் இரண்டிலும் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாவதில் பரத் என்ற இளைஞன் பாஸ்போர்ட் போட்டோக்களை வெட்டிக்கொண்டிருந்தான். மஞ்சள் பெட்டி என்றதும் சிரித்துவிட்டான்.

"பாக்கியராஜண்ணா! எனக்குத் தெரிஞ்சவர்தான் சார். கொழந்தை பொறந்தப்போ நான்தான் படம் புடிச்சேன். கான்ட்ராக்ட் வேலை. மூணு மாசமா வேலையில்ல போல. ஒம்பதே முக்காலுக்கு வந்து, 'கேமரா கீது, எவ்ளோ தருவே'ன்னாரு. பாத்தா லென்ஸும் இல்ல, பட்டனும் இல்ல. ஒரு பக்கம் பூட்டு, மேல கைப்பிடி. 'அண்ணா, இது எந்தக் கேமராவும் இல்ல, ஏதோ ஃபேன் மோட்டார்'ன்னேன்."

"ஃபேனா? ஏன் அப்படிச் சொன்னே?"

"மேல ஃபேன் படம் போட்டிருந்துச்சு சார். சிரிப்பா இருந்துச்சுன்னு செல்லுல எடுத்து வெச்சேன். பாருங்க."

போனை நீட்டினான். ஆதிநாராயணன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

மஞ்சள் நிறத் தகடு. அதன்மேல் கறுப்பில் மூன்று இறக்கைகள். நடுவே ஒரு புள்ளி. இன்ஷூரன்ஸ் நாட்களில் ஆலைக் கதவுகளில் அவர் பார்த்திருந்த எச்சரிக்கைக் குறி.

ஆதி கடைக்கு வெளியே வந்தார். வந்தவர் தணிகாசலத்தின் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார்.

"தணிகாசலம், உங்க கேமரா ஆளைப் படம் எடுக்குமா?"

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"இல்லே, பைப்ல போட்ட வெல்டிங்கைப் படம் எடுக்குமா?"

"சார்..." தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார். "நாங்க அதை கேமரான்னுதான் சார் சொல்லுவோம். ஊரெல்லாம் அப்படித்தான் சொல்றாங்க. எக்ஸ்ரே மாதிரி. இரும்பை ஊடுருவிப் படம் எடுக்கும்."

"உள்ளே என்ன இருக்கு?"

"சோர்ஸ். மிளகு அளவுதான் இருக்கும். கதிர்வீச்சு... பெட்டி மூடியிருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது சார். சத்தியமா ஒண்ணும் ஆகாது. அதைச் சுத்தி இருக்கிற கனமான உலோகம் எல்லாத்தையும் தடுத்துடும்."

"திறந்தா?"

"கையில எடுத்தான்னா கை போயிடும். சட்டைப் பையில போட்டுக்கினு வீட்டுக்குப் போனான்னா..."

"இதைத்தான் எக்ஸ்போஸ்னு சொன்னீங்களா?"

"லைசென்ஸ் போயிடும் சார். பதினெட்டு பேர் என்னை நம்பி..."

"இன்னும் ரெண்டு நிமிஷத்துல இன்ஸ்பெக்டருக்கு நான் பேசறேன். அணுசக்தித் துறையில யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்கு நீங்க பேசறீங்க. அளக்கிற மீட்டரை எடுத்துக்கிட்டு கும்மிடிப்பூண்டி வாங்க."

போனை வைத்ததும் பின்னால் பரத் நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். முகத்தில் ரத்தமில்லை.

"சார், நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன். 'மோட்டார்னா உள்ள காப்பர் இருக்கும்ணா, உடைச்சு எடுத்தா நல்ல வெலைக்குப் போகும்'னு சொல்லி அனுப்பிட்டேன்."

* * *

பாக்கியராஜின் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வரிசை வீடுகளில் நான்காவது. வாசலில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தது. உள்ளே தூளியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பாக்கியராஜின் மனைவி கன்னியம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்தாள்.

ஆதி இன்ஸ்பெக்டரிடம் பேசிவிட்டு அப்போதுதான் போனை மடக்கியிருந்தார். போலீஸ் கிளம்பிவிட்டது. ஆனால் எங்கே போவது என்று அவர்களுக்கும் தெரியாது.

கொடியைத் தாண்டும்போது ஜெபா ஒரு சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். மார்புப் பக்கம் முழுக்கக் குண்டூசி குத்தினதுபோல் ஓட்டைகள். "எலிக்குக்கூட இவ்ளோ பொறுமை இருக்காது," என்று முணுமுணுத்தாள்.

"பாக்கியராஜ் இருக்காராம்மா?"

"இல்லியே. நீங்க யாரு?"

"ஒரு வேலை விஷயமா வந்தோம். அவசரம்."

'வேலை' என்றதும் கன்னியம்மாவின் முகம் மலர்ந்தது. "இப்பதாண்ணா அர மணி நேரம் ஆவுது. கட்டிங் கீதுன்னு சொல்லிக்கினு பூட்டாரு. நான் கொழாயாண்ட நின்னுக்கினு இருந்தேன், வண்டியில போவச் சொல்லவே கத்திட்டுப் போனாரு. செல்லுகூடச் சார்ஜ்லயே கெடக்குது பாருங்க."

ஆதியின் மணிக்கட்டில் பன்னிரண்டு ஆகப் பத்து நிமிஷம்.

"பன்னண்டு மணிக்குத்தான் ஒயின் ஷாப் தொறப்பான்," ஜெபா அவர் காதருகே சொன்னாள். அவள் குரலில் கிண்டல் இல்லை. கசப்பு இருந்தது. "இப்பவே போய் வரிசையில நிப்பாரு. கையில டப்பு இல்லாதவன் பெட்டியைக் காட்டி எவன்கிட்டயாவது கேப்பான். வாங்க சார்."

ஆதி ஒரு கணம் தயங்கினார். குழந்தையைப் பார்த்தார். பிறகு ஓடினார்.

* * *

ஒயின் ஷாப் வாசலில் இருபது பேர் நின்றிருந்தார்கள். ஜெபா வரிசையின் தலையிலிருந்து வால்வரை நடந்தாள். டி.வி.எஸ். ஃபிஃப்டி இல்லை. மஞ்சள் பெட்டி இல்லை.

"பாக்கியராஜா?" வரிசையில் நின்ற ஒருவர் சிரித்தார். "எங்க லைன்லயே குடிக்காதவன் அவன் ஒருத்தன்தாம்மா. சபையில சேர்ந்து ரெண்டு வருஷமாச்சு. என்னையும் திருத்தறேன்னு ஒரே பேஜாரு."

ஜெபா விழித்தாள். ஆதி பக்கத்திலிருந்த சலூனுக்குள் தலையை நீட்டினார். முடிதிருத்துபவர் கத்தரிக்கோலை நிறுத்தாமலே பதில் சொன்னார். "அவன் தலையில வெட்டறதுக்கு இன்னா சார் கீது? துணி போட்டுத் தொடைச்சா போதும்."

இருவரும் வெயிலில் நின்றார்கள். பதினைந்து நிமிஷம் போய்விட்டது. எங்கோ ஒருவன் சுத்தியலால் ஒரு பூட்டை உடைத்துக்கொண்டிருக்கலாம். உடைத்து முடித்திருக்கலாம்.

"என் தப்பு சார்," என்றாள் ஜெபா. "எங்க ஊட்ல அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். எங்கப்பா 'கட்டிங்'னு சொல்லிக்கினு செருப்பை மாட்டுனா, எங்கம்மா சோத்துப் பானையை மூடி ஒளிச்சி வெக்கும். அந்தக்கா அதைச் சொன்னதும் எனக்கு வேற ஒண்ணும் ஓடல."

"அந்தம்மா எப்படிச் சொன்னாங்க? முகத்தைப் பார்த்தியா?"

"சிரிச்சிக்கினே சொன்னாங்க..." ஜெபா நிறுத்தினாள். "சிரிச்சிக்கினு சொன்னாங்க. எங்கம்மா ஒரு நாளும் சிரிச்சதில்ல."

"புருஷன் குடிக்கப் போனா சிரிக்க மாட்டாங்க. முடி வெட்டப் போனா அதைக் கத்திச் சொல்லிட்டுப் போக மாட்டான். மூணு மாசமா வேலை இல்லாத வீடு. எதுக்குச் சந்தோஷம்? வேலை கிடைச்சிருக்கு." ஆதி வேகமாகப் பேசினார். "ஜெபா, கொடியில ஒரு சட்டையைத் தொட்டுப் பார்த்தியே. அந்த ஓட்டை எதனால வரும்?"

ஜெபாவின் கை தன் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டது. ஆறு வருஷம் எடைமேடை ஜன்னல் வழியாக அவள் பார்த்த காட்சி. பழைய லாரிகளை வெட்டுகிற ஆட்கள். நீல ஜுவாலை. பூச்சொரிவதுபோல் பறக்கும் நெருப்புப் பொறி. பொறி பட்டுப் பட்டுச் சல்லடையான சட்டைகள்.

"கேஸ் கட்டிங்," என்றாள். "சார், அவரு கேஸ் கட்டரு. பெட்டியை உடைக்கப் போவல சார். வெட்டப் போயிருக்காரு!"

ஆதி பாக்கியராஜின் எண்ணை ஏற்கெனவே பரத்திடம் வாங்கியிருந்தார். வீட்டில் சார்ஜில் கிடந்த போனைக் கன்னியம்மா எடுத்தாள்.

"அம்மா, அவர் வழக்கமா எங்கே கட்டிங் போடுவார்?"

"அஞ்சம்மாக்கா காயலான் கடையிலதாண்ணா. ரயில்வே கேட்டாண்ட. ஏன், இன்னா ஆச்சி?"

* * *

கேட் மூடியிருந்தது.

கூட்ஸ் வண்டி ஒன்று நடந்து வருவதுபோல் வந்துகொண்டிருந்தது. முன்னால் ஐந்து லாரிகள். காயலான் கடையின் தகரவேலி பாதைக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. வேலிக்கு மேலே ஒரு மெல்லிய புகை எழும்பிக்கொண்டிருந்தது.

ஆதி இன்ஸ்பெக்டருக்கு இடத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஜெபா கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். நூறடி தள்ளி ஒரு நடைமேம்பாலம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படிகளில் ஏறினாள். கீழே வேகன்கள் தடதடத்தன. ஒவ்வொரு படியிலும் தணிகாசலத்தின் குரல் அவள் காதில் கேட்டது. கையில எடுத்தான்னா கை போயிடும்.

காயலான் கடை வாசலில், தார்ப்பாய் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். பின்னால் மலைபோல் இரும்பு. அதற்குள் எங்கோ 'ஸ்...' என்ற சத்தம்.

"யக்கா!" ஜெபாவுக்கு மூச்சு வாங்கியது. "கேஸை மூடச் சொல்லுக்கா! சீக்கிரம்!"

அஞ்சம்மாள் எழுந்து வழியை மறித்தாள். "எந்தக் கேஸு? அந்த ஒயரு கேஸைப் போன மாசமே மூடியாச்சு. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். நீ யாரு, எந்த ஸ்டேஷனு?"

"ஐயோ, அந்தக் கேஸு இல்லக்கா, சிலிண்டரு!"

"என் சிலிண்டருக்கெல்லாம் பில்லு கீதும்மா!"

ஜெபா அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

இரண்டாக வெட்டிப் போட்ட லாரியின் அடிச்சட்டம், சேஸ், இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு வழுக்கைத் தலை குனிந்திருந்தது. தண்டவாளத் துண்டின்மேல் மஞ்சள் பெட்டி. ஜுவாலை அதன் கைப்பிடியைத் தின்றுவிட்டுப் பூட்டின் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

கத்தினாள். ஜுவாலையின் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை.

அவனை நெருங்குவதா? கண்கள் குழாயைத் தேடின. மண்ணில் நெளிந்து கிடந்த இரண்டு குழாய்கள், வேலியோரம் சாய்த்திருந்த இரண்டு சிலிண்டர்களில் போய் முடிந்தன. ஓடினாள். முதல் சிலிண்டரின் சாவியைத் திருகினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். சுற்றியது. அடுத்ததையும் திருகினாள்.

'டப்' என்று ஒரு சத்தம். ஜுவாலை அணைந்தது.

பாக்கியராஜ் நிமிர்ந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். "யாரும்மா நீ? எதுக்கு மூடுன?"

"அதை உட்டுட்டு... இந்தப் பக்கம்... வாண்ணா." ஜெபா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "அது கேமரா."

"அதத்தான் நானும் சொன்னேன். அந்தப் பரத்து நம்ப மாட்டேங்கறான்."

"ஆளைப் புடிக்கிற கேமரா இல்லண்ணா. இரும்புக்குள்ள பாக்குற கேமரா. உள்ள கீறது வெளியில வந்தா பக்கத்துல நிக்கிறவன் பொழைக்க மாட்டான். கதிர்வீச்சுண்ணா. கைப்பிடிக்கு முன்னாடி பூட்டை வெட்டியிருந்தா இந்நேரம் உன் கையில இருந்திருக்கும்."

பாக்கியராஜ் பின்னால் நகர்ந்தான். ஓர் அடி. இரண்டு அடி. அஞ்சம்மாள் அவனுக்கும் பின்னால் ஓடினாள். "மொதல்ல என் சேஸை வெட்டு, அப்புறம் உன் பெட்டியைப் பாத்துக்கோன்னு நான்தான் சொன்னேன்," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே போனாள்.

பாக்கியராஜின் முகத்தில் பயம் மெதுவாகத்தான் ஏறியது. ஏறியதும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மண்ணில் போட்டான்.

"ஒரு மணி நேரம்," என்றான். "காலையில ஒரு மணி நேரம் அதை ஊட்டுக்குள்ள வெச்சிருந்தேன். யாரு கண்ணுலயும் படக் கூடாதுன்னு... தூளிக்குக் கீழ தள்ளி வெச்சேன். மேல பாப்பா தூங்கிக்கினு இருந்திச்சி."

ஜெபா மண்ணிலிருந்து எழுந்து, அவனை வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

* * *

போலீஸ் கயிறு கட்டி எல்லோரையும் வேலிக்கு வெளியே நிறுத்தியது. தணிகாசலம் மீட்டரை நீட்டிப் பிடித்தபடி தனியாக உள்ளே நடந்தார். மீட்டர் 'டிக் டிக்' என்றது. அவர் நெருங்க நெருங்க வேகம் கூடியது. பாக்கியராஜ் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

தணிகாசலம் பெட்டியருகே குனிந்தார். எண்ணைப் பார்த்தார். இன்னொரு பக்கம் வைத்துப் பார்த்தார். பிறகு முழங்காலிட்டு அப்படியே சற்று நேரம் இருந்தார்.

"பூட்டு தாங்கிடுச்சு," என்றார் வெளியே வந்து. "சோர்ஸ் உள்ளதான் இருக்கு. எப்பவும் காட்டுற அளவுதான் காட்டுது."

"அப்ப அந்தக் குழந்தைக்கு?" என்றார் ஆதி.

தணிகாசலம் திடுக்கிட்டுப் பார்த்தார். குழந்தை விஷயம் அவருக்கு அப்போதுதான் தெரியும். கேட்டு முடித்ததும் அவர் குரல் தாழ்ந்தது. "மூடின பெட்டி சார். ஒரு மணி நேரத்துல ஒண்ணும் ஆகாது. டாக்டர் ஒரு தடவை பார்த்துட்டா நல்லது." மீட்டரை அணைத்தார். "சார், நான் உங்ககிட்டப் பொய் சொல்லலையே. கேமரான்னேன். கேமராதானே?"

"டீக்கடையிலயே மஞ்சள் பெட்டின்னும் கதிர்வீச்சுன்னும் சொல்லியிருந்தா, அப்பவே இந்த ஊர் போலீஸ் பூரா அதைத் தேடியிருக்கும். நான் ஸ்டூடியோ ஸ்டூடியோவா லென்ஸைத் தேடிக்கிட்டிருந்தேன். அந்த நேரத்துல அது ஒரு தூளிக்குக் கீழே இருந்தது." ஆதி குரலை உயர்த்தவில்லை. "உங்க பதினெட்டு பேரைப் பத்திச் சொன்னீங்க. இவனும் அதே மாதிரி ஒரு கான்ட்ராக்ட்காரர்கிட்ட இருந்த பதினெட்டுல ஒருத்தன்தான்."

தணிகாசலம் தலை குனிந்தார். இன்ஸ்பெக்டர் அவரையும் ஜீப்பில் ஏறச் சொல்லிக் கைகாட்டினார்.

* * *

மாலை நான்கு மணி. அரசு மருத்துவமனையின் நீண்ட பெஞ்சில் பாக்கியராஜ் உட்கார்ந்திருந்தான். கைகளைப் பரிசோதித்து அனுப்பியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள். இங்கிருந்து நேராக ஸ்டேஷன், அங்கிருந்து கோர்ட்.

எதிர் அறைக்கதவு திறந்தது. கன்னியம்மா குழந்தையோடு வெளியே வந்தாள். கூட ஜெபா. மதியத்திலிருந்து அவள் கன்னியம்மாவை விட்டு நகரவில்லை. என்ன நடந்தது என்று அவளிடம் சொன்னதும் ஜெபாதான். அப்போது கன்னியம்மா கேட்டவை எதற்கும் ஜெபாவால் வேடிக்கையாகப் பதில் சொல்ல முடியவில்லை.

"டாக்டரு ஒண்ணுமில்லன்னுட்டாருண்ணா," என்றாள் ஜெபா. "ரத்தம் எடுத்திருக்காங்க. ஒரு வாரம் கழிச்சி இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்காரு. ஆனா பயப்பட ஒண்ணும் இல்லியாம்."

பாக்கியராஜ் எழுந்தான். குழந்தையை நோக்கிக் கை நீட்டினான். பாதியில் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அதைத் தூக்குன கையி இது," என்றான். "இன்னும் ஒட்டிக்கினு இருக்கும்."

"ஒட்டற சமாச்சாரம் இல்லண்ணா அது. டாக்டருகிட்ட நானே ரெண்டு தடவை கேட்டேன். தூக்கு."

அவன் நகரவில்லை. கன்னியம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்களில் கோபம் இருந்தது. அது இன்றைக்குள் தீருகிற கோபம் இல்லை. ஆனாலும் ஓரடி முன்னால் வந்து, குழந்தையை அவன் கையில் திணித்தாள்.

"புடி. எனக்குக் கை வலிக்குது."

கைது செய்தபோதும் அழாதவன், குழந்தையின் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின. குழந்தை அவன் காதைப் பிடித்து இழுத்தது.

கான்ஸ்டபிள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த தடுப்பூசி போஸ்டரை முதல் வரியிலிருந்து நிதானமாகப் படிக்க ஆரம்பித்தார்.